பாக்கெட் நொறுக்குத்தீனிக்குப் புகைமணம்: வாசகர் கேள்வி - பதில்

தோட்டத்தில் ஸ்மோக்கர் (மரப்புகையில் உணவைச் சமைக்கும் அடுப்பு) வைத்திருப்பவர்களில் பலர் அதை இறைச்சிக்காக மட்டுமே பற்றவைக்கிறார்கள். கடையில் வாங்கிய க்ராக்கர் பிஸ்கட், சிப்ஸ், பாதாம், முந்திரி போன்ற பருப்பு வகைகள், சீஸ் ஆகியவற்றுக்கு அதிலேயே புகைமணம் ஏற்றுவது குறித்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: சீஸ் க்ராக்கர் பாக்கெட்டைப் பிரித்து அப்படியே ஆழமான தட்டில் கொட்டி, ஒன்றரை மணி நேரம் ஸ்மோக்கரில் வைத்தேன். மேலே இருந்தவை கசந்தன. அடியில் இருந்தவற்றில் புகை ஏறவே இல்லை. எங்கே தவறு?

பதில்: மூன்று இடங்களில். ஒன்று, ஆழமான தட்டு. புகை மேலடுக்கைத் தொட்டுக்கொண்டு போய்விடும், குவியலுக்குள் இறங்காது. இரண்டு, க்ராக்கர் காய்ந்த பண்டம். புகையில் மணம் தரும் பொருள்களில் பெரும்பகுதி கொழுப்பில் எளிதில் கரைபவை. காய்ந்த மேற்பரப்பில் அவை ஒட்டப் பிடிமானம் இல்லை. மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருந்தால் பாதி நேரத்திலேயே இரண்டு மடங்கு மணம் ஏறியது போலத் தெரியும். மூன்று, நேரம். பாக்கெட் பண்டம் ஏற்கெனவே வெந்து, வறுபட்டு வந்தது. அதை மறுபடி சமைக்க வேண்டியதில்லை, புகையை மட்டும் ஏற்றினால் போதும். இறைச்சிக்கான கணக்கை இங்கே கொண்டுவந்தால் கசப்புதான் மிஞ்சும்.

300 கிராம் க்ராக்கருக்கு 50 மில்லி வாசனையற்ற எண்ணெய் எடுங்கள். அதில் ஒரு டீஸ்பூன் பூண்டுத்தூள், ஒரு டீஸ்பூன் வெங்காயத்தூள், அரை டீஸ்பூன் மிளகாய்த்தூள் கலந்து, அகலமான பாத்திரத்தில் க்ராக்கர் மேல் ஊற்றிக் கையால் மெதுவாகப் புரட்டுங்கள். உப்பு வேண்டாம், க்ராக்கரில் இருப்பதே போதும். 15 நிமிடம் ஊறவிட்டு, நடுவில் இரண்டு முறை புரட்டுங்கள். பாத்திரத்தின் அடியில் எண்ணெய் தேங்காமல் இருந்தால் சரியாக ஊறிவிட்டது என்று பொருள்.

பிறகு ஓட்டையுள்ள தட்டிலோ நெருக்கமான கம்பிவலையிலோ ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டாலும் பரவாயில்லை, குவியக் கூடாது. 105 முதல் 110 டிகிரி செல்சியஸ், 45 நிமிடம், 15 நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டல். வெளியே எடுத்ததும் கடித்துப் பார்த்து ‘மெத்தென்று இருக்கிறதே’ என்று திரும்ப உள்ளே தள்ளாதீர்கள். சூட்டில் எல்லா க்ராக்கரும் மெத்தென்றுதான் இருக்கும். பரப்பியபடியே 20 நிமிடம் ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பிவிடும்.

எண்ணெய்க்குப் பதில் வெண்ணெய் ஊற்றும் பழக்கம் உண்டு. ருசி கூடும் என்பது உண்மை. ஆனால் வெண்ணெயில் ஏறக்குறைய 16 சதவீதம் தண்ணீர். அது க்ராக்கருக்குள் இறங்கி, காய 15 நிமிடம் கூடுதலாகக் கேட்கும். வெண்ணெய்ச் சுவைதான் வேண்டுமென்றால் நெய்யாக உருக்கி ஊற்றுங்கள்.

கேள்வி: ‘நல்ல புகை’, ‘கெட்ட புகை’ என்கிறார்கள். பார்த்ததும் எப்படி அடையாளம் காண்பது? மரச்சீவலை ஊறவைக்க வேண்டுமா?

பதில்: நல்ல புகை கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. புகைபோக்கிக்கு மேலே காற்று லேசாக நெளியும். வெயிலில் பார்த்தால் மெல்லிய நீலச் சாயல் இருக்கும். கெட்ட புகை பால் வெள்ளையாக, திரள் திரளாக உருண்டு வரும். பார்க்க அழகாக இருப்பதால் அந்த நேரத்தில்தான் பலரும் தட்டை உள்ளே வைக்கிறார்கள்.

மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் சூட்டில் சிதையும்போது குவாயகால், சிரிங்கால் போன்ற பொருள்கள் பிறக்கின்றன. புகைச்சுவை பெரும்பாலும் குவாயகாலிலிருந்தும், புகைமணம் பெரும்பாலும் சிரிங்காலிலிருந்தும் வருகிறது. காற்று போதாமல் மரம் குமைந்தால் இவற்றோடு தார் போன்ற கனத்த பொருள்களும் சேர்ந்து பண்டத்தின் மேல் படியும். கசப்பும் தொண்டைக் கமறலும் அதனால்தான். இறைச்சித் துண்டில் அது மேல்தோலோடு நின்றுவிடும். க்ராக்கருக்கும் சிப்ஸுக்கும் மேல்தோல்தான் எல்லாமே. அதனால்தான் சிறு பிழைகூட இங்கே பெரிதாகத் தெரிகிறது.

புகைபோக்கியின் மூடியை முழுவதும் திறந்து வையுங்கள். சூட்டைக் குறைக்க வேண்டுமானால் கீழ்க் காற்றுத் துவாரத்தை மட்டும் குறுக்குங்கள். மரத்தைப் போட்டபின் 10 முதல் 15 நிமிடம் காத்திருந்து, வெள்ளை நிறம் மெலிந்த பிறகு தட்டை வையுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரே ஒரு க்ராக்கரை முதலில் உள்ளே வைத்து, 10 நிமிடம் கழித்து எடுத்து நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள். முதலில் ஒரு கசப்பு, பிறகு நாக்கு லேசாக மரத்துப்போகும் உணர்வு இருந்தால் புகை இன்னும் தெளியவில்லை.

மரச்சீவலை ஊறவைக்க வேண்டாம். தண்ணீர் மேலாகத்தான் ஏறும். அது ஆவியாகித் தீரும்வரை மரம் புகையாது. அந்த ஆவியோ நொறுக்குத்தீனியை நமுக்க வைக்கும்.

இன்னொன்று: ஸ்மோக்கரின் சுவரிலும் மூடியின் உட்புறத்திலும் பழைய இறைச்சிக் கொழுப்பு படிந்திருந்தால் அதன் வாடை முழுவதும் க்ராக்கரில் ஏறிவிடும். உதிரும் கரியைச் சுரண்டி எடுத்து, எண்ணெய் வடியும் தட்டைக் கழுவிவிட்டே தொடங்குங்கள்.

கேள்வி: எந்த மரம் போடலாம்?

பதில்: ஆப்பிள், செர்ரி, ஆல்டர் ஆகியவை மென்மையானவை. தொடங்குபவர்களுக்கு அவையே போதும். ஓக் நடுத்தரம். ஹிக்கரி பருப்பு வகைகளுக்குப் பொருந்தும், ஆனால் பாதி ஹிக்கரி, பாதி ஆப்பிள் என்று கலந்து போடுங்கள். மெஸ்கீட் வேண்டாம், மெல்லிய பண்டத்தை அது ஒரேயடியாக மூழ்கடித்துவிடும். பைன் போன்ற பிசின் மரங்கள், பெயின்ட் அடித்த பலகை, ஒட்டுப்பலகை, மருந்தில் ஊறிய கட்டை ஆகியவற்றை எந்தக் காரணத்துக்காகவும் போடக் கூடாது. பெல்லட் (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகள்) வாங்கும்போது சமையலுக்கானது என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டைச் சூடாக்கும் அடுப்புக்கான பெல்லட் வேறு.

கேள்வி: உருளைக்கிழங்கு சிப்ஸ் ஒவ்வொரு முறையும் நமுத்துப் போகிறது. சூட்டைக் கூட்டினால் காறல் அடிக்கிறது. சிப்ஸுக்கு வழியே இல்லையா?

பதில்: உண்டு. ஆனால் எல்லா நொறுக்குத்தீனியிலும் சிப்ஸ்தான் மிகக் கறாரானது.

மரம் எரியும்போதே நீராவி உண்டாகிறது. சிப்ஸ் காகிதம் போல மெல்லியது, உள்ளே ஈரமே இல்லாதது. சுற்றியிருக்கும் ஈரத்தை உடனே இழுத்துக்கொள்ளும். ஸ்மோக்கர் போதுமான சூடு இல்லாமல் இருந்தால் அந்த ஆவி சிப்ஸின் மேலேயே படியும். சூட்டைக் கூட்டினாலோ, சிப்ஸின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். அது காற்றோடு சேர்ந்து கெட்டு, நீங்கள் சொல்லும் காறலைத் தருகிறது.

ஆகவே ஸ்மோக்கருக்குள் தண்ணீர்த் தட்டு இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். தடிமனாக நறுக்கிப் பொரித்த சிப்ஸாகப் பார்த்து வாங்குங்கள். எண்ணெய் தடவ வேண்டாம், இருப்பதே மிகுதி. ஸ்மோக்கர் 90 முதல் 95 டிகிரியில் நிலைத்து, புகை தெளிந்த பிறகு, ஒற்றை அடுக்காக 15 நிமிடம். 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். கொஞ்சம் நமுத்திருந்தால் வீட்டு ஓவனில் 120 டிகிரியில் 5 நிமிடம் வைத்து ஆறவிடுங்கள். மழை பெய்யும் நாளில் சிப்ஸைத் தொடாமல் இருப்பதே நல்லது.

இதைவிடச் சிறந்த வழி, சிப்ஸை விட்டுவிட்டு உப்பைப் புகைப்பது. உப்புக்கு நமுக்கும் கவலை இல்லை, எரியும் கவலையும் இல்லை. 250 கிராம் கல்லுப்பை ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி, மேலே லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். பார்த்தால் மினுமினுக்க வேண்டும், கரையக் கூடாது. அந்த ஈரத்தில்தான் புகை பிடிக்கும். சூடில்லாத புகையில் (முறை கீழே சீஸ் பற்றிய பதிலில்) 4 மணி நேரம், அரை மணிக்கு ஒருமுறை கிளறல். வெள்ளை உப்பு இளம் பழுப்பாக மாறியதும் எடுத்து உலர்த்தி, மாவு போலப் பொடியுங்கள். உப்பில்லாத சிப்ஸை ஓவனில் லேசாகச் சூடாக்கி, 150 கிராமுக்குக் கால் டீஸ்பூன் தூவிக் குலுக்குங்கள். போதாவிட்டால் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்க்கலாம். பொடி நைசாக இல்லாவிட்டால் ஒட்டாமல் பாத்திரத்தின் அடியில் தங்கிவிடும். பொரித்த பாப்கார்னுக்கும் இதே முறைதான், அதில் ஒரு ஸ்பூன் உருக்கிய நெய்யைச் சேர்த்துக் குலுக்கினால் இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

கேள்வி: வறுத்து உப்புப் போட்ட பாதாம், முந்திரி வாங்குவதா, பச்சையாக வாங்குவதா?

பதில்: இரண்டிலும் செய்யலாம், கணக்கு வேறு.

வறுத்ததற்கு 100 டிகிரியில் 30 முதல் 40 நிமிடம் போதும். வறுக்கும்போது பூசிய எண்ணெய் அதன் மேலேயே இருக்கும், நேராகப் பரப்பலாம். முந்திரிக்கு 30 நிமிடத்தோடு நிறுத்துங்கள். பாதாமின் தோல் அதைக் காக்கும், முந்திரிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

வறுக்காத பாதாம், முந்திரி என்றால் வறுப்பதும் புகைப்பதும் ஒன்றாக நடக்கும். 500 கிராமுக்கு ஒரு முட்டையின் வெள்ளைக்கருவை ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீரோடு நுரை வர அடித்து, பருப்பில் புரட்டி, வடிகட்டியில் 5 நிமிடம் வடியவிடுங்கள். பிறகு ஒன்றரை டீஸ்பூன் பொடியுப்பும் விருப்பமான காரப்பொடியும் தூவுங்கள். வெள்ளைக்கரு காய்ந்ததும் உப்பைப் பிடித்துக்கொள்ளும், ஈரமாக இருக்கும்போது புகையையும் இழுக்கும். 120 டிகிரியில் 60 முதல் 75 நிமிடம், 15 நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டல். முட்டை ஆகாதவர்கள் ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் புரட்டிக்கொள்ளலாம்.

எப்போது எடுப்பது என்பதற்குக் கடிகாரத்தைவிடக் கத்தி நம்பகமானது. 45-ஆவது நிமிடத்திலிருந்து ஒவ்வொரு முறையும் ஒரு பாதாமைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உட்புறம் வெள்ளையாக இருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. வெளிறிய மணல் நிறம் வந்தவுடன் எடுத்துவிடுங்கள். வெட்டிய இடம் நல்ல பழுப்பாக இருந்தால் தாமதமாகிவிட்டது, ஏனென்றால் எடுத்த பிறகும் உள்சூட்டில் சில நிமிடம் வறுபட்டுக்கொண்டே இருக்கும். எடுத்ததும் சூடான தட்டிலேயே விடாமல் வேறு தட்டுக்கு மாற்றிப் பரப்புங்கள்.

ஓட்டோடு இருக்கும் பிஸ்தாவைப் புகைப்பது வீண் வேலை. மணம் ஓட்டிலும் உங்கள் விரலிலும்தான் நிற்கும்.

கேள்வி: சீஸும் சாக்லேட்டும் உருகாமல் புகைக்க முடியுமா?

பதில்: முடியும். அதற்குச் சூடில்லாத புகை வேண்டும். ஸ்மோக்கரின் அடுப்பைப் பற்றவைக்காமல், ஓட்டைகள் போட்ட உலோகக் குழாயில் பெல்லட்டை நிரப்பி, அதை மட்டும் புகையவிடுவதுதான் எளிய முறை. 30 சென்டிமீட்டர் குழாய் ஏறக்குறைய 4 மணி நேரம் தாங்கும். ஒரு முனையில் தீ வைத்து, 10 நிமிடம் நன்றாக எரியவிட்டு, பிறகு ஊதி அணையுங்கள். இந்த 10 நிமிடத்தைச் சுருக்குபவர்களுக்குத்தான் குழாய் பாதியில் அணைந்துபோகிறது.

கெட்டியான சீஸைத் தீப்பெட்டி அளவுக்குச் சற்றுப் பெரிய துண்டுகளாக வெட்டி, மேலே முத்து முத்தாக இருக்கும் ஈரத்தைத் துடைத்துவிட்டு, இடைவெளி விட்டு அடுக்குங்கள். உள்ளே 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சீஸ் வியர்த்துக் கொழுப்பு வெளியே வரும். ஒரு தட்டு ஐஸ் கட்டியைக் கீழே வைத்தால் கொஞ்சம் உதவும், ஆனாலும் வெயில் தாழ்ந்த பிறகு செய்வதே மேல். 2 மணி நேரம் போதும். அன்றே சாப்பிட்டால் சாம்பலை நக்கியது போல இருக்கும். பேப்பரில் சுற்றி ஓரிரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் விட்டு, பிறகு காற்றுப் புகாமல் கட்டி 2 வாரம் வையுங்கள். மேலே நிற்கும் புகை மெல்ல உள்ளே பரவி, முனைப்பு அடங்கும். இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கக் குறுக்குவழி கிடையாது.

க்ரீம் சீஸ் வேறு கதை. 225 கிராம் கட்டியின் மேல் கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, எண்ணெயும் மசாலாவும் தடவி, 110 டிகிரியில் 2 மணி நேரம் வைக்கலாம். வடிவம் கலையாமல் நிற்கும். க்ராக்கரில் தடவிச் சாப்பிட இதைவிட நல்லது இல்லை. இது கெடக்கூடிய பண்டம், அதனால் வெளியே 2 மணி நேரத்துக்குமேல் வைக்காமல் ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள்.

சாக்லேட்டுக்கு 25 டிகிரிக்குக் கீழே, 30 நிமிடம், அதுவும் பழமரப் புகை மட்டும். லேசாக உருகி மறுபடி இறுகினால்கூட மேலே வெண்படலம் பூக்கும். தின்னலாம், ஆனால் பளபளப்பும் முறியும்போது வரும் ‘டக்’ ஓசையும் போய்விடும்.

கேள்வி: ப்ரெட்ஸெல், சீரியல், பருப்பு, உலர்திராட்சை எல்லாம் கலந்த மிக்ஸரை ஒன்றாகவே வைக்கலாமா?

பதில்: வைக்க வேண்டாம். பருப்பும் ப்ரெட்ஸெலும் முதலில், 25 நிமிடம் கழித்துச் சீரியல், மொத்தம் 60 நிமிடம் 110 டிகிரியில். உலர்திராட்சை, சாக்லேட், சர்க்கரை பூசியவை எல்லாம் ஆறிய பிறகு கலக்க வேண்டியவை. தேன் ஊற்றும் எண்ணம் இருந்தால் கடைசி 15 நிமிடத்தில் ஊற்றுங்கள். தேனில் உள்ள ஃப்ரக்டோஸ் சாதாரணச் சர்க்கரையைவிடக் குறைந்த சூட்டிலேயே கருகத் தொடங்கும். சோயா சாஸ் போல நீர்த்த சாஸ் சேர்த்தால் 15 நிமிடம் கூடுதலாகக் காயவிடுங்கள்.

கேள்வி: என்னுடையது பெல்லட் ஸ்மோக்கர். 150 டிகிரியில் வைத்தும் புகைமணமே வரவில்லை.

பதில்: 150 வைத்ததால்தான் வரவில்லை. சூடு ஏற ஏற அதில் பெல்லட் முழுமையாக எரிந்து, புகை குறைகிறது. 100 டிகிரிக்கு இறக்குங்கள். அதுவும் போதாவிட்டால், மேலே சொன்ன குழாயை ஓரத்தில் வையுங்கள்.

கேள்வி: புகைத்த பண்டம் உடம்புக்குக் கெடுதி என்கிறார்கள். அதற்குப் பாட்டிலில் வரும் புகைத் திரவத்தை ஊற்றிவிடலாமே?

பதில்: கவலை நியாயமானது. மரம் அரைகுறையாக எரியும்போது பென்சோபைரீன் உள்ளிட்ட, புற்றுநோயோடு தொடர்புடைய பொருள்கள் உண்டாகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் புகைத்த இறைச்சிக்கான பென்சோபைரீன் உச்சவரம்பு 2014-இல் கிலோவுக்கு 5 மைக்ரோகிராமிலிருந்து 2 மைக்ரோகிராமாகக் குறைக்கப்பட்டது. கொழுப்பு தணலில் சொட்டி எரிவது இவை உண்டாகும் முக்கிய வழிகளில் ஒன்று. நொறுக்குத்தீனியில் சொட்டக் கொழுப்பு இல்லை, நேரமும் குறைவு. தீ நாக்கு படாத இடத்தில் தட்டை வைத்து, தெளிந்த புகையை மட்டும் பயன்படுத்தினால் அளவு இன்னும் குறையும். ஆனாலும் தினசரிப் பண்டமாக ஆக்கிக்கொள்ள வேண்டாம்.

பாட்டில் திரவம் என்பது புகையைக் குளிரவைத்துத் தண்ணீரில் பிடித்து, தாரைப் பிரித்தெடுத்தது. அதற்காக அது கவலையற்றது என்று ஆகிவிடாது. மரபணுவுக்குச் சேதம் விளைவிக்கக்கூடும் என்ற மதிப்பீட்டை வைத்து, 8 புகைச்சுவையூட்டிகளின் அனுமதியைப் புதுப்பிக்க ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் மறுத்தது. தவிர, அது நீர்த்த பொருள். க்ராக்கரில் ஊற்றினால் ஊற்றிய இடம் மட்டும் நமுத்துக் கசக்கும்.

கேள்வி: மழை வந்தால் ஸ்மோக்கரைக் கார் ஷெட்டுக்குள் தள்ளி, கதவைத் திறந்து வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கதவு திறந்திருந்தாலும் அது உள்ளே சேரும். சிறு குழாய் ஸ்மோக்கருக்கும் இதே விதிதான்.

கேள்வி: புகை அதிகமாகிவிட்டால் சரிசெய்ய முடியுமா? எத்தனை நாள் வைத்துச் சாப்பிடலாம்?

பதில்: ஏறிய புகையை இறக்க முடியாது. முதலில் ஒரு நாள் மூடிவைத்துப் பொறுங்கள், முனைப்பு கொஞ்சம் அடங்கும். அப்போதும் மிகுதியாக இருந்தால், புகைக்காத அதே பண்டத்தை ஒன்றுக்கு இரண்டு பங்கு கலந்து டப்பாவில் அடைத்து ஓரிரு நாள் விடுங்கள். மணம் பரவிச் சமமாகும். நாக்கை மரக்கவைக்கும் அளவுக்குக் கசந்தால் கலந்தும் பயனில்லை, கொட்டிவிடுங்கள். நல்லதையும் சேர்த்துக் கெடுக்கும்.

புகை போட்டதால் பண்டம் கூடுதல் நாள் தாங்கும் என்று நினைக்க வேண்டாம், இந்த அளவுப் புகை எதையும் பதப்படுத்தாது. பாக்கெட்டில் அச்சிட்ட தேதியும் இனிப் பொருந்தாது, ஏனென்றால் பிரித்து, எண்ணெய் சேர்த்து, சூடாக்கிவிட்டீர்கள். எண்ணெய் பூசிய க்ராக்கர் காற்றுப் புகாத டப்பாவில் 2 வாரம் இருக்கும். வெண்ணெய் பூசியது ஒரு வாரம். பருப்பை ஃப்ரிட்ஜில் வைத்தால் ஓரிரு மாதம் தாங்கும். முழுவதும் ஆறாமல் மூடினால் மட்டும் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. மூடியின் உட்புறத்தில் ஆவி கோத்து, மறுநாளே எல்லாம் நமுத்திருக்கும். புகைத்த பண்டத்தை பிஸ்கட் டப்பாவுக்கோ தேயிலைக்கோ பக்கத்தில் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் டப்பாவும் வாடையை விடாமல் பிடித்துக்கொள்ளும், கண்ணாடி ஜாடிதான் சரி.